காட்ஸில்லா கப்பல் ஏறிய கதை

டோக்கியோவில் தோஹோ ஸ்டூடியோவுக்குள் 1954ஆம் ஆண்டு ஓர் உடை தயாரானது. மூங்கிலாலும் கம்பியாலும் கூடு கட்டி, அதன்மேல் வலையும் பஞ்சும் சுற்றி, ரப்பரை உருக்கி அடுக்கடுக்காகப் பூசியிருந்தார்கள். எடை ஏறக்குறைய நூறு கிலோ. ரப்பர் காய்ந்ததும் உடை மடங்க மறுத்தது. அதற்குள் நுழைந்தவர் ஹருவோ நகாஜிமா. 25 வயது, நல்ல உடற்கட்டு, சண்டைக் காட்சிகளில் விழுந்து எழுந்து பழகியவர். அவராலேயே சில மீட்டர் தூரம்தான் நகர முடிந்தது. அந்த உடையை இரண்டாக வெட்டி, கால் மட்டும் தெரிய வேண்டிய காட்சிகளுக்குக் கீழ்ப்பாதியை வைத்துக்கொண்டார்கள். முழு உருவத்துக்குச் சற்று இலகுவாக இன்னோர் உடை செய்தார்கள்.

நகாஜிமா மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படி அடி எடுத்து வைக்கின்றன என்று பார்த்துவந்தார். எய்ஜி சுபுராயா தந்திரக் காட்சிகளின் பொறுப்பாளர். அவர் கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிப் படம் பிடித்தார். அப்படி எடுத்ததைச் சாதாரண வேகத்தில் திரையிட்டால் அசைவு மெதுவாகும். உருவத்துக்குக் கனம் வரும். வேகமாக ஓடும் பிலிமுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அத்தனை விளக்குகளின் சூட்டில், ரப்பருக்குள் மூச்சு முட்ட நின்றார் நகாஜிமா. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் உடைக்குள் தேங்கிய வியர்வையைக் கொட்டினார்கள். சுற்றிலும் 25இல் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோ நகரம். அதை மிதித்து நடந்தார். அந்த உடைக்குப் பெயர் கோஜிரா. உலகம் அதைக் காட்ஸில்லா என்று அறிகிறது.

நான் சினிமா ஆராய்ச்சியாளன் அல்ல. டிக்கெட் எடுத்துப் பார்க்கிற சாதாரண ரசிகன். ஜப்பானியப் படத்துக்கும் அமெரிக்கப் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த ஓர் உருவத்தின் பயணத்தைத்தான் காட்டுவேன். எழுபது ஆண்டுகளாக இது பசிபிக் கடலைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருக்கிறது. ஒவ்வொரு முறை கரை மாறும்போதும் இதன் உயரம் மாறுகிறது, முகம் மாறுகிறது. அவற்றைவிட முக்கியமாக, நடந்த அழிவுக்கு யார் பொறுப்பு என்பது மாறிவிடுகிறது. என் வழக்கு அதுதான்.

காட்ஸில்லாவின் தாய்வழி அமெரிக்கா என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சுபுராயா 1933இல் வந்த ‘கிங் காங்’ பார்த்துத் தந்திரக் காட்சிகள்மீது பித்துப் பிடித்தவர். 1952இல் அமெரிக்காவில் ‘கிங் காங்’ மறுபடி திரைக்கு வந்து பணத்தைக் குவித்தது. அந்தச் சூட்டில் 1953இல் ‘தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்’ என்ற படம் வந்தது. வடதுருவப் பகுதியில் நடக்கும் அணுகுண்டுச் சோதனையால் பனிக்குள் உறங்கிய பழங்கால மிருகம் ஒன்று விழித்து நியூயார்க்கை நாசம் செய்யும். தயாரிப்பாளர் தோமோயுகி தனாகா 1954இல் இந்தோனேசியாவோடு கூட்டாக எடுக்கவிருந்த படம் கைநழுவிப்போய், வெறுங்கையோடு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலிலிருந்து ஒரு மிருகம் எழுந்து டோக்கியோவுக்கு வந்தால் என்ன என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. ஆக, யோசனை இரவல்தான். அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

ஆனால் அந்த அமெரிக்கப் படம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். மிருகத்தை எழுப்பியது அணுகுண்டு. அதைக் கொல்வதும் கதிரியக்கப் பொருள் வைத்துச் சுடுகிற ஒரு துப்பாக்கிதான். நோயும் அதுவே, மருந்தும் அதுவே. படம் பார்த்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஜப்பானுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாக, 15 மெகாடன் வீரியத்தோடு வெடித்தது. அபாய எல்லை என்று அறிவித்திருந்த பகுதிக்கு வெளியே ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. பெயர் டாய்கோ ஃபுகுர்யு மாரு. 23 பேர் இருந்தார்கள். மேலே இருந்து வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. இரண்டு வாரம் கழித்து யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியபோது எல்லோர் உடம்பிலும் கதிர்வீச்சின் புண்கள். ஜப்பான் முழுக்க மீன் வாங்கப் பயந்தார்கள். படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று மருத்துவமனையில் இறந்தார். ஆறு வாரம் கழித்து, நவம்பர் 3 அன்று, ‘கோஜிரா’ வெளியானது.

படத்தின் முதல் காட்சியில் கப்பல் தொழிலாளிகள் மேல்தளத்தில் இளைப்பாறிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கிடார் வாசிக்கிறார். கடல் பளீரென்று வெளுக்கிறது. தண்ணீர் கப்பலுக்குள் பாயப் பாய, வானொலி இயக்குநர் கடைசி நிமிடம்வரை அபயக் குறி அனுப்பிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்த ஜப்பானியர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. 96 லட்சம் டிக்கெட் விற்றன.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா ராணுவத்தில் இருந்தவர். போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் கண்டவர். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே போர்க்காலத்தில் மரங்களின் உறுதியை ஆராயும் வேலையில் எக்ஸ்-கதிரோடு பாதுகாப்பில்லாமல் புழங்கி நோயில் விழுந்தவர். காட்ஸில்லாவின் உறுமல் இன்றுவரை மாறாத அடையாளம். அதை உருவாக்கியவர் அவரே. டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அதை இழுத்து, பதிவான ஒலியின் வேகத்தைக் குறைத்தார்கள். கேட்டால் கோபமாக மட்டும் இருக்காது, வலியில் கத்துவது போலவும் இருக்கும். உடையின் தோலும் அப்படியே. அதில் செதில் கிடையாது. அணுகுண்டில் உயிர் பிழைத்தவர்களின் தீக்காயத் தழும்புபோல முண்டும் முடிச்சுமாக இருக்கும். அந்த மிருகமும் குண்டில் பாதிக்கப்பட்ட ஒன்றுதான் என்று உடையே சொல்லிவிடுகிறது.

உயரம் 50 மீட்டர். அந்தக் காலத்தில் டோக்கியோவில் கட்டடங்களின் உயரத்துக்கு 31 மீட்டர்தான் சட்ட வரம்பு. ஆகவே எந்தத் தெருவில் நின்றாலும் கூரைகளுக்கு மேலே தலை தெரியும்.

நான் அந்தப் படத்தில் மிருகத்தைவிட மனிதர்களைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். தீ சூழ்ந்த தெருவோரம் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அப்பா எங்கே போனார் என்று படம் சொல்வதில்லை; போர் முடிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்த நாட்டில் சொல்ல வேண்டியதும் இல்லை. மறுநாள் மருத்துவமனைத் தாழ்வாரம் முழுக்கக் காயப்பட்டவர்கள். ஒரு குழந்தையின் முன்னால் கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடிக்கிறார்கள். கருவி சத்தம் போடுகிறது. மருத்துவர் தலையை அசைக்கிறார். அதற்கு முன்பு ஓடும் ரயிலில் மூன்று பேர் செய்தித்தாளைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அதில் ஒரு பெண் சூரை மீனில் விஷம், கதிர்வீச்சு மழை, இப்போது இது வேறா என்று அலுத்துக்கொள்கிறாள். நாகசாகியிலிருந்து உயிர் தப்பி வந்தது இதற்குத்தானா என்பதுபோல ஒரு பேச்சு. நாம் விலைவாசியைப் பற்றிப் புலம்புவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். அரை நிமிடம்கூட இருக்காது. இந்தப் படம் எதைப் பற்றியது என்பது அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

காட்ஸில்லாவைக் கொல்லும் ஆயுதம் டாக்டர் செரிசாவா என்ற விஞ்ஞானியிடம் இருக்கிறது. அதை வெளியே எடுக்க அவருக்கு மனமில்லை. ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அரசியல்வாதிகள் அதைப் போருக்கு வேண்டும் என்பார்கள்; அணுகுண்டுக்கு மேல் ஒரு குண்டாகிவிடும். கடைசியில் குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டுக் கடலடிக்கு இறங்குகிறார். ஆயுதத்தை இயக்கிவிட்டு, தன் சுவாசக் குழாயையும் தானே அறுத்துக்கொள்கிறார். மிருகத்தோடு அந்த அறிவும் செத்துப்போக வேண்டும் என்பது அவர் முடிவு. படம் அங்கேயும் நிற்கவில்லை. முதிய பேராசிரியர் யமானே, அணுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா உலகத்தில் எங்காவது வரத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். யமானேயாக நடித்த தகாஷி ஷிமுரா அதே ஆண்டு அதே தோஹோ நிறுவனம் எடுத்த ‘செவன் சாமுராய்’ படத்தில் தலைவர் காம்பேயாக நடித்தவர். ஒரே வருடத்தில் அந்த இரண்டு முகங்களையும் தந்த ஸ்டூடியோவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது.

இனிக் கப்பலேற்றம்.

அமெரிக்க உரிமையை 25,000 டாலருக்கு வாங்கினார்கள். அப்படியே திரையிட்டால் ஓடாது என்று முடிவு செய்து, பெர்ரி மேசன் தொடரால் பின்னர் பெரும் புகழ் பெற்ற ரேமண்ட் பர்ரை அழைத்தார்கள். ஸ்டீவ் மார்ட்டின் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தற்செயலாக டோக்கியோவில் இருந்து எல்லாவற்றையும் பார்ப்பதாகக் கதையைத் திருப்பினார்கள். அவர் நடித்த பகுதிகளை அமெரிக்காவிலேயே எடுத்து ஒட்டினார்கள். மூல நடிகர்களோடு அவர் பேச வேண்டிய இடங்களில் அவர்களைப் போன்ற உருவம் உள்ளவர்களை முதுகு தெரிய நிறுத்திச் சமாளித்தார்கள். 96 நிமிடப் படம் 80 நிமிடமானது. அதிலும் சுமார் 20 நிமிடம் புதிதாகச் சேர்த்தது. 1956இல் ‘காட்ஸில்லா, கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்!’ என்ற பெயரில் வந்தது.

ரயில் பெண் போனாள். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் வெளிநாட்டு உறவு கெடும், மூடி மறைப்போம் என்று ஓர் அரசியல்வாதி சொல்ல, பெண் உறுப்பினர்கள் எழுந்து கூச்சல் போடும் நாடாளுமன்றக் காட்சி போனது. யமானேயின் கடைசி எச்சரிக்கை போனது. அந்த இடத்தில் ஆபத்து நீங்கிவிட்டது, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று பர்ரின் குரல் சொல்கிறது. ஹைட்ரஜன் குண்டு என்ற சொல்லை முழுதாக எடுத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். காரணம் இருந்தது, காயம் இல்லை.

இந்தப் பதிப்பைத் திட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் முழுக்கச் சேர மாட்டேன். போர் முடிந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்த அமெரிக்காவில் ஜப்பானியர்களை அழுகிற, யோசிக்கிற, தியாகம் செய்கிற மனிதர்களாகச் சாதாரணத் திரையரங்கில் காட்டிய படம் அது. ரேமண்ட் பர்ரும் கேலியாக நடிக்கவில்லை. இடிபாடுகளுக்கு நடுவே காயத்தோடு கிடக்கும் மனிதனாக மிகுந்த மரியாதையோடு நடித்தார். உலகத்தின் பெரும்பகுதிக்குக் காட்ஸில்லாவை அறிமுகம் செய்ததும் அந்த 80 நிமிடம்தான். சிறு வயதில் அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் ஒருவர். ‘ஜுராசிக் பார்க்’ பற்றிப் பேசும்போது அவர் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் வெட்டாத ஜப்பானிய மூலம் அமெரிக்கத் திரையரங்குகளில் முறையாக வெளியானது 2004இல்தான். ஐம்பது வருடம். ஒரு நாட்டின் துக்கத்தை அரை நூற்றாண்டு நிறுத்திவைத்தது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

இடையில் ஜப்பானே அந்த மிருகத்தைப் பழக்கிவிட்டது. 1962இல் கிங் காங்கோடு மோதவிட்டார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். (ஜப்பானியப் பதிப்பில் காட்ஸில்லா ஜெயிக்கும், அமெரிக்கப் பதிப்பில் காங் ஜெயிக்கும் என்று இன்றுவரை ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை. இரண்டிலும் கடலிலிருந்து எழுந்து நீந்திப் போவது காங்தான்.) பிறகு மூன்று தலை கிதோராவை எதிர்த்துப் பூமியைக் காத்தது, அதற்குப் பிள்ளை வந்தது, சிறுவர்களுக்குத் தோழனானது. 1975இல் வந்த படத்துக்குப் பத்து லட்சம் டிக்கெட்டுகூட விற்கவில்லை. இந்தக் காலத்துப் படங்களில் எனக்கு ஈடுபாடு குறைவு. 1971இல் தொழிற்சாலைக் கழிவைத் தின்று வளரும் ஹெதோரா வந்த படம் மட்டும் விதிவிலக்கு. அதில் பயம் திரும்பி வந்தது.

1984இல் தோஹோ மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பனிப்போர்க் காலம். காட்ஸில்லாவை அணுகுண்டால் கொல்லலாம் என்று அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஜப்பானை நெருக்குகின்றன. ஜப்பானியப் பிரதமர் மறுக்கிறார். டோக்கியோ துறைமுகத்தில் நிற்கும் சோவியத் கப்பலில் தவறுதலாக ஏவுகணை இயங்கத் தொடங்குகிறது. காயப்பட்ட சோவியத் அதிகாரி அதைத் தடுக்க ஊர்ந்து ஊர்ந்து போய், முடியாமல் இறக்கிறார். மறு ஆண்டு இந்தப் படம் அமெரிக்கா போனது. ரேமண்ட் பர் மறுபடி வந்தார். டாக்டர் பெப்பர் குளிர்பானமும் காட்சிக்குள் வந்தது. அந்த அதிகாரி என்ன ஆனார் தெரியுமா? அதே நடிகரின் அதே காட்சியை வெட்டி, ஒரு விரல் பொத்தானை அமுக்கும் துண்டு ஒன்றைச் சேர்த்து, அவர் வேண்டுமென்றே ஏவுகணையை விடுவதாக மாற்றிவிட்டார்கள். உலகைக் காப்பாற்ற முயன்று செத்தவன் உலகை அழிக்க முயன்றவனாகிவிட்டான். ரயில் பெண்ணை நீக்கியதைக்கூட வியாபாரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். இதை என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

1998இல் ரோலண்ட் எம்மெரிக் நியூயார்க்கில் தன் காட்ஸில்லாவை இறக்கினார். இந்த முறை குற்றவாளி பிரான்ஸ். பிரெஞ்சுப் பாலினேசியாவில் நடந்த அணுச் சோதனையால் பெருத்த இகுவானா. அது மாடிசன் ஸ்கொயர் கார்டனில் முட்டையிடுகிறது, புரூக்ளின் பாலத்தில் சிக்கிக்கொண்டு ஏவுகணைகளில் சாகிறது. மழையும் இருட்டும் நன்றாக இருந்தன. அவ்வளவுதான். ஏவுகணைக்குச் சாகிற உயிர் காட்ஸில்லா ஆகாது. தோஹோ பின்னாளில் அந்த உருவத்துக்கு ‘ஜில்லா’ என்று தனிப் பெயர் வைத்தது. 2004இல் எடுத்த படத்தில் சிட்னி நகரில் தங்கள் காட்ஸில்லாவோடு மோதவிட்டுச் சில நொடிகளில் தீர்த்துக்கட்டியது.

2014இல் கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய அமெரிக்கப் படம் எனக்குப் பிடிக்கும். ராணுவ வீரர்கள் சிவப்புப் புகையை இழுத்துக்கொண்டு வானத்திலிருந்து குதிக்கும் காட்சியை வீட்டுத் திரையில் பார்ப்பது பாவம். மிருகத்தை அவசரப்பட்டுக் காட்டாமல், கதவிடுக்கிலும் தூசுக்கு நடுவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகிறார். அளவை உணர்த்துவதில் அமெரிக்கர்களை மிஞ்ச ஆளில்லை. கென் வாடனபே அதில் செரிசாவா என்ற விஞ்ஞானியாக வருகிறார். ஹிரோஷிமாவில் 8:15க்கு நின்றுபோன தன் தந்தையின் கைக்கடிகாரத்தை அணுகுண்டு வீசத் துடிக்கும் தளபதியிடம் நீட்டுகிறார். அரிய காட்சி.

அதே படம்தான் இன்னொன்றையும் சொல்கிறது. 1954இல் பசிபிக்கில் வெடித்தவை சோதனைகளே இல்லையாம். காட்ஸில்லாவைக் கொல்ல எடுத்த முயற்சிகளாம். யாய்சுவிலிருந்து போன அந்த 23 பேரை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். அவர்கள்மேல் சாம்பலைக் கொட்டிய வெடிப்பு, உலகத்தைக் காக்க நடந்த போராட்டமாகிவிட்டது. மூலக் கதையில் குண்டு மிருகத்தைப் பிறப்பித்தது. இங்கே மிருகம் குண்டுக்குக் காரணமாகிறது. 2019இல் வந்த அடுத்த படத்தில் இதே செரிசாவா, உயிருக்குப் போராடும் காட்ஸில்லாவைத் தேற்ற, கடலடியில் அணுகுண்டைத் தன் கையால் வெடித்து இறந்துபோகிறார். 1954இன் செரிசாவா ஓர் ஆயுதம் உலகத்துக்குக் கிடைக்கக் கூடாது என்று கடலடியில் இறந்தவர். அதே பெயர், அதே கடலடி, அதே தியாகம். ஆனால் பொருள் தலைகீழ். படம் எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பழைய படத்தை நேசிப்பவர்கள்தான். இஃபுகுபேயின் இசையைக்கூடப் பயன்படுத்தினார்கள். குண்டு போட்ட நாட்டில் குண்டைப் பற்றிய கதை எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு நேசம் தடையாக இருப்பதில்லை.

நம் ஊரில் பலருக்குத் தெரிந்தது இந்தக் காட்ஸில்லாதான். 2021இல் ‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’ தமிழிலும் வந்தது. பிள்ளைகளோடு போய்ப் பார்க்க நல்ல படம், சண்டை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் அதில் தேட வேண்டாம்.

ஜப்பான் இதற்கிடையில் வேறு வழியில் போனது. 2011இல் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 2016இல் ஹிடேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் ‘ஷின் காட்ஸில்லா’ எடுத்தார்கள். படத்தில் பாதி கூட்டம்தான். அமைச்சர்கள் ஓர் அறையிலிருந்து எழுந்து இன்னோர் அறைக்குப் போகிறார்கள், நாற்காலி போடுகிறார்கள், கோப்பு நகர்கிறது. மிருகம் கரையேறாது என்று பிரதமர் பேட்டி கொடுக்கும்போதே அது கரையேறிவிடுகிறது. ஹெலிகாப்டர்கள் சுடத் தயாராக நிற்கும் நொடியில், தண்டவாளத்தைக் கடக்க முடியாமல் ஒரு முதியவர் தெரிகிறார். சுடும் உத்தரவை நிறுத்துகிறார்கள். ஹாலிவுட் படமாக இருந்தால் அந்த முதியவர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார். இறுதியில் கான்கிரீட் ஊற்றும் லாரிகளின் நீண்ட குழாய்களால் அதன் வாய்க்குள் உறைபொருளைச் செலுத்துகிறார்கள். ஃபுகுஷிமா உலைகளைக் குளிர்விக்கத் தண்ணீர் பீய்ச்சியவை அந்த வகை லாரிகள்தான். காட்ஸில்லா சாகாமல் உறைந்து, டோக்கியோ ரயில் நிலையத்தருகே நிற்கிறது. அதோடுதான் இனி வாழ வேண்டும். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஜப்பான் அகாடமி விருது இதற்குக் கிடைத்தது.

பிறகு 2023. டகாஷி யமசாகியின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’. 35 பேர் கொண்ட சிறு குழு 610 தந்திரக் காட்சிகளைச் செய்தது. மொத்தச் செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் கீழே. ஹாலிவுட் கணக்கில் இது சிறு படத்துக்கான தொகை. தற்கொலைப் படை விமானி ஒருவன் சாகப் பயந்து, எஞ்சின் கோளாறு என்று பொய் சொல்லித் தீவில் இறங்குகிறான். போர் முடிகிறது. எரிந்துபோன டோக்கியோவில் யாரோ ஒரு பெண், யாரோ பெற்ற குழந்தை, இவன். மூன்று பேரும் ஒரு தகரக் கொட்டகையில் குடும்பமாகிறார்கள். பிகினி சோதனையில் பெருத்த காட்ஸில்லா கின்ஸா வீதிக்கு வருகிறது. அது வாயைத் திறந்து வெப்பக் கதிரைப் பாய்ச்சியதும் காளான் மேகம் எழுகிறது, கறுப்பு மழை பெய்கிறது, அவன் அந்த மழையில் நின்று கத்துகிறான். காட்ஸில்லாவைப் பார்த்து அழ முடியும் என்று நான் அங்கேதான் உணர்ந்தேன். நம் நாடு உயிர்களை மலிவாக நினைத்தது, இந்த முறை யாரும் சாகாமல் சண்டை போடுவோம் என்று பழைய கடற்படைக்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். அரசாங்கம் வரவில்லை, அமெரிக்கா வரவில்லை; சாதாரண மனிதர்கள் போகிறார்கள்.

இந்தப் படத்தின்மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தன் பிள்ளைகளின் உயிரை ஜப்பான் மலிவாக நினைத்ததை அது தைரியமாகப் பேசுகிறது. ஆசியாவில் பிறர் உயிரை எப்படி நினைத்தது என்று பேசவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோய்ப் பல்லாயிரம் தமிழர்களைச் சாகவிட்டது அதே ராணுவம். 1954இன் படமும் அதைப் பேசவில்லை. பொறுப்பை இடம் மாற்றுவது அமெரிக்கா மட்டும் செய்கிற வேலை என்று சொன்னால் என் வழக்கு பொய்யாகிவிடும்.

2024 மார்ச் 10 அன்று ஹாலிவுட்டில் ஆஸ்கர் விழா. சிறந்த தந்திரக் காட்சிகளுக்கான விருதை ‘மைனஸ் ஒன்’ பெற்றது. எழுபது ஆண்டுகளில் காட்ஸில்லா படம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். கையில் காட்ஸில்லா பொம்மைகளோடு மேடையேறிய யமசாகி, ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் ஸ்பீல்பெர்க்கின் ‘குளோஸ் என்கவுன்டர்ஸ்’ படமும் தந்த அதிர்ச்சியில் தன் பயணம் தொடங்கியதாகச் சொன்னார். ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ், ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்’ படத்திலிருந்து எடுத்துக்கொண்டதை மறைத்ததில்லை. ஸ்பீல்பெர்க்குக்குப் பழைய காட்ஸில்லா. சுபுராயாவுக்குக் கிங் காங். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். அந்த இரண்டு கரைகளும் இதை எழுபது, எண்பது வருடமாகச் செய்துவருகின்றன. அதே இரவில் சிறந்த படத்துக்கான விருது அணுகுண்டைச் செய்தவரைப் பற்றிய ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்குப் போனது. மிகச் சிறந்த படம். ஆனால் ஹிரோஷிமாவை அது திரையில் காட்டவில்லை. ஜப்பானில் அது வெளியாக மார்ச் 29 வரை ஆனது. உலகம் பார்த்து எட்டு மாதம் கழித்து.

ஆக, என் தீர்ப்பு இது. காட்ஸில்லா எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமா, அமெரிக்கப் படங்களைப் பாருங்கள், முடிந்தால் 2014ஐப் பெரிய திரையில். அது மிதித்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமா, ஜப்பானியப் படங்கள்தான். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 1954இன் மூலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை என்று தள்ளிவைக்காதீர்கள். ஆங்கிலக் குரல் ஏற்றிய பதிப்பு வேண்டாம். ஜப்பானிய ஒலியில், அடியில் எழுத்தோடு, 96 நிமிடம் ஓடுகிற பதிப்பாகப் பார்த்து எடுங்கள். ரயிலில் அந்த மூன்று பேர் பேசும் இடத்தில் மட்டும் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.